மூன்றாம் மாடி மூலை வீடு

சிமெண்ட் மூட்டை எடுத்துக் கொடுக்கிறவனுக்குக் கதை சொல்லத் தெரியுமா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஸ்டோர் வைத்திருப்பவனுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. ஆணி வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வர வேண்டும், ஒரு மூச்சு அழ வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். நான் எரிந்து விழுவேன் என்று தெரிந்தே வருகிறார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சொல்லப்போவது ரசமட்டத்தைப் பற்றி. ரசமட்டம் என்பது கொத்தனார் கையில் இருக்கிற கருவி. நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும், அது நட்ட நடுவில் வந்து நின்றால் வேலை மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயரை எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியாது, ஆனால் பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட அது சாய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். நான் ஒருமுறை ஸ்டோரில் அலமாரி அடித்தேன். வந்து பார்த்தாள், ஓர் ஓரத்தில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சாந்துச்சட்டி கொடுக்கவில்லை.

அவள் வேலைக்கு வந்தது சித்தாளாக. எங்கள் தொழிலில் பெண்கள் சித்தாளாக வந்து, செங்கல் சுமந்து, சித்தாளாகவே முதுகு வளைந்து போவார்கள். யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை. இவள் மட்டும் மத்தியானம் எல்லாரும் காலை நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில், உடைந்த செங்கல்லையும் மீந்த கலவையையும் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் சுவர் கட்டிப் பார்ப்பாள். கட்டுவாள், தள்ளி நின்று பார்ப்பாள், தள்ளிவிடுவாள். "ஏம்மா, உனக்குப் பொழுது போகலையா?" என்று ஆண்கள் கிண்டல் பண்ணுவார்கள். காதிலேயே வாங்கமாட்டாள். ஒருநாள் ஒரு கொத்தனார் குடித்துவிட்டு வராமல் போனான். மேஸ்திரிக்கு வேறு வழியில்லை, கொத்துக் கரண்டியை இவள் கையில் கொடுத்தார். சாயங்காலம் வந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கரண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை.

புருஷன் போன கதையை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரே பெண். எட்டு வயது. பேச்சைப் பார்த்தால் எண்பது. வேலை செய்கிறவர்களை எல்லாம் "தொப்பி எங்க? தொப்பி போடாம மேல போகக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?" என்று அதட்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் குட்டி மேஸ்திரி.

அம்மாவும் பெண்ணும் குடியிருந்தது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலேயே, மூன்றாம் மாடி மூலையில். தூணும் தரையும் கூரையும்தான் அப்போது இருந்தன, உள்ளே சுவர் கிடையாது. எஞ்சினியரிடம் அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். மற்ற எல்லா வீட்டுக்கும் சுவர் வைத்து முடித்துவிட்டு, இந்த மூலை வீட்டுக்குக் கடைசியில்தான் வைப்பாள், அதுவரை அங்கே இருந்துகொள்ளலாம். எந்த ஊர் போனாலும் இதே ஏற்பாடு. குழந்தை விழுந்துவிடக் கூடாது என்று வெளி ஓரத்தில் மட்டும் நெஞ்சளவுக்குச் சுவர் எழுப்பி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாள்.

உள்ளே அவள் செய்திருந்த வேலைதான் வேலை. நூலில் நீலப்பொடி தோய்த்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் தரையில் நேராக ஒரு கோடு விழும், சுவர் எங்கே வரும் என்று அப்படித்தான் குறிப்போம். வரைபடத்தைப் பார்த்து அந்த வீடு முழுவதையும் அவள் தரையில் கோடு போட்டுவிட்டாள். இது கூடம், இது சமையலறை, இது குளியலறை, இது பெண்ணுக்குப் படிக்கிற அறை. வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோடு இல்லை. உள்ளே போவதென்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் ஒருநாள் ஏதோ அவசரத்தில் நேராக நடந்து போய்விட்டேன். "மாமா, சமையக்கட்டு சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்க" என்றது குட்டி மேஸ்திரி. முறைத்துப் பார்த்தேன். அது பதிலுக்கு முறைத்தது. திரும்பிப் போய் வாசல் வழியாக வந்தேன். வேறு என்ன செய்ய?

இந்த வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான் கோணல். பள்ளிக்கூடம். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த பள்ளிக்கூடம். குழந்தை ஓர் ஊரில் பெருக்கல் பாதி படித்திருக்கும், புது ஊருக்குப் போனால் அங்கே பெருக்கல் முடிந்துபோயிருக்கும். அதற்கு அடுத்த ஊரில் மறுபடி கூட்டலில் இருந்து ஆரம்பிப்பார்கள். சிநேகிதி என்று ஒருத்தி சேர்வதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். கடைசியாகப் படித்த பள்ளிக்கூடத்தின் டீச்சர் ஒருநாள் ரசமட்டத்தைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இவளுக்கு நல்லா வருதும்மா. ஆனா இப்படியே ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலைஞ்சா ரெண்டு வருஷத்துல பள்ளிக்கூடமே வேணாம்னு சொல்லிடுவா." சொல்லிவிட்டு ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பத்தையும் கொடுத்து அனுப்பினார். வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே சில இடங்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நிலையான வீடு இல்லாத பிள்ளையாக இருக்க வேண்டும், அதுதான் தகுதி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரசமட்டம் அந்தக் காகிதத்தோடு ஸ்டோருக்கு வந்தாள். பாதியை நான் எழுதிக் கொடுத்தேன், தொடர்புக்கு ஸ்டோர் போன் நம்பரைப் போட்டேன். அதற்குள் கம்பி லாரி வந்துவிட்டது, நான் எழுந்து போய்விட்டேன். மீதியை அவளே எழுதி, அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூட ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிய அம்மாவின் குரலில் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. "இந்த விண்ணப்பத்தை எடுத்துக்க முடியாதுங்க. வீடு இல்லாதவங்களுக்கான சீட் இது. நீங்க இவ்வளவு பெரிய அடுக்குமாடியில மூணாவது மாடியில சொந்தமா வீடு வெச்சிருக்கீங்களே."

எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. முகவரி என்று போட்டிருந்த இடத்தில் இந்த மகராசி, வாசலில் கம்பெனி நட்டிருந்த பெரிய போர்டில் இருக்கிற கட்டடத்தின் பேரை எழுதி, மூன்றாம் மாடி, மூலை வீடு என்று கதவு எண்ணோடு போட்டிருக்கிறாள். கதவே இல்லாத வீட்டுக்குக் கதவு எண்! எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி எழுதத் தோன்றாது. கட்டடம் இப்போது எப்படி இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை, வரைபடத்தில் எப்படி இருக்கிறதோ அதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

போனில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில், "உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு சொல்லாதீங்க, ஒரு நடை வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கத்தினேன். அந்த அம்மா அதே குரலில், "சரி, வார்டன் சனிக்கிழமை வருவாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். என் வாய்க்கு ஒரு பிரயோஜனம் இருந்தது என்றால் வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான்.

ஓடிப்போய் ரசமட்டத்திடம் சொன்னேன். "நல்லாக் கேட்டுக்க. அந்த அம்மா வர்றப்ப மேல கொஞ்சம் கண்டபடி கெடக்கட்டும். பாத்திரம் பண்டம் உருளட்டும். அந்தக் கோட்டை எல்லாம் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடு. பார்த்ததுமே பாவம்னு தோணணும்."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "ஏண்ணே, வீட்டுக்கு ஒருத்தர் வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்கித்தானே வைப்பாங்க?"

"அதைத்தான் சொல்றேன், அது வீடு இல்ல. வீடு இல்லைன்னாத்தான் சீட்டு. அந்த அம்மா கேட்டா, எங்களுக்கு வீடு இல்லைன்னு சொல்லு. மூணு வார்த்தை. சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"எம் பொண்ணு காதுபட அதைச் சொல்ல மாட்டேண்ணே."

"அப்ப அவளைக் கீழ அனுப்பிட்டுச் சொல்லு."

"நாளைக்கு அவ காதுக்கு வராமலா போயிடும்? பொறந்ததுல இருந்து அவகிட்ட ஒண்ணுதான் சொல்லி வளர்த்திருக்கேன். நமக்கும் வீடு இருக்கு, ஊருக்கு ஒண்ணுன்னு. வேற எதையும் என்னால குடுக்க முடியல. அதையும் நானே புடுங்கிக்கிட்டா என்ன மனுஷி நான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நில்லு. அடுத்த சைட்டு ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்கு, பக்கத்துல பள்ளிக்கூடம்னு ஒரு கொட்டாய்கூட கிடையாது, தெரியுமில்ல? எக்கேடோ கெட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து ஸ்டோரில் உட்கார்ந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. மூலை வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் சுவர் ஏறிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதையும் வைத்துவிட்டால் அவள் கிளம்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை வார்டன் அம்மா வந்தார். கனத்த சரீரம், முட்டிவலி வேறு. கைப்பிடி வைக்காத படியில் அவரை ஏற்றிக்கொண்டு போவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு தளத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார், ஆனால் ஒரு முணுமுணுப்பு இல்லை. அதிலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

மேலே போனால், என் வயிற்றெரிச்சலை என்னவென்று சொல்வது. தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது. பாத்திரம் எல்லாம் கவிழ்த்து அடுக்கியிருக்கிறது. மங்கிப்போயிருந்த கோடுகளை எல்லாம் புதுசாக நூல் அடித்து, பளிச்சென்று நீலமாக்கி வைத்திருக்கிறாள். அம்மாவும் பெண்ணும் தலைவாரி, துவைத்த துணி உடுத்திக்கொண்டு கூடத்தில் நின்றார்கள்.

வார்டன் நேராக அவர்களைப் பார்த்து நடந்தார். குட்டி மேஸ்திரி வாயைத் திறப்பது தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், அது சுவரு. வாசல் இந்தப் பக்கம்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். வார்டன் குனிந்து காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அப்புறம் தூக்கிய காலைப் பின்னால் வைத்து, சுற்றிக்கொண்டு போய், வாசல் வழியாக உள்ளே வந்தார்.

குழந்தை வீட்டைச் சுற்றிக் காட்டியது. இது சமையக்கட்டு. இது என் ரூம், இங்கே ஜன்னல் வரும், காற்று மட்டும் இப்போதே வந்துவிட்டது. வார்டன் ஒவ்வொரு அறைக்கும் வாசல் வழியாகவே போய்ப் பார்த்தார். டீ வந்தது, குடித்தார். பையிலிருந்து காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் ரசமட்டத்திடம். "எனக்கு இந்தப் புள்ளையப் புடிச்சிருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. இதுல நீங்க விலாசம் எழுதியிருக்கீங்க. அதை அடிச்சுட்டு வேற மாதிரி எழுதணும்னா நீங்க உங்க வாயால சொல்லணும். நானா எழுதிக்க முடியாது. உங்களுக்கு வீடு இருக்கா, இல்லையா?"

நான் தூண் ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலையேன் என்று ஒரு மனசு, சொல்லாதே தாயே என்று இன்னொரு மனசு. ரசமட்டம் பெண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, சுவர் கட்டுகிறபோது செங்கல்லை அமுக்கி வைக்கிற அதே நிதானத்தோடு சொன்னாள்.

"எழுதிக்குங்க டீச்சர். எங்களுக்கு வீடு இல்லை."

"அம்மா பொய் சொல்றாங்க" என்றது குழந்தை.

எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"பொய் சொல்றாங்க டீச்சர். இது எங்க வீடுதான். இதுக்கு முன்னாடியும் எங்களுக்கு நெறைய வீடு இருந்துச்சு. ஒரு வீட்டுல ரெண்டு பால்கனி. ஒரு வீட்டுல இருந்து பார்த்தா ரயில் தெரியும். ஒரு வீடு ரொம்பப் பெருசு, அதுல நான் சைக்கிள்கூட ஓட்டினேன்."

"அந்த வீடெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டார் வார்டன்.

"அங்கதான் இருக்கு. வேற ஆளுங்க இருக்காங்க. அம்மா சுவர் வெச்சு முடிச்சதும் நாங்க கெளம்பிடணும்ல."

வார்டன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன் வீடு நல்லா இருக்கு" என்றார் கடைசியில். "எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒரு பெரிய வீடு இருக்கு. அங்க வந்து இருந்து படிக்கிறியா?"

"அங்க சுவர் வெச்சாச்சா?"

"எப்பவோ வெச்சாச்சு."

குழந்தை இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. "சுவர் வெச்சதுக்கு அப்புறமும் அங்க இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றார் வார்டன். "பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இருக்கலாம்."

ரசமட்டம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அந்தச் சமையலறைக்குச் சுவர் கிடையாது. அவள் திரும்பி நின்று அழுதது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. வார்டன் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பார்க்காதவர்போலக் குழந்தையிடம் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், கட்டட முதலாளிகள், மந்திரியின் மச்சான்கள், வெளிநாட்டு எஞ்சினியர்கள். வீம்பு பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வீம்பை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டிய நேரம்வரை பிடித்து, விட வேண்டிய நொடியில் விட்ட ஒரே ஆள் அவள்தான். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் என் பேருக்கு இழுக்கு.

இடம் கிடைத்தது. பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள் மறுநாளே மூலை வீட்டுக்குச் சுவர் வைக்க ஆரம்பித்தாள். அதை முடித்துவிட்டு நாங்கள் அடுத்த ஊருக்குப் போனோம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் வாசலில் வந்து உட்காருவாள், கேட்கமாட்டாள், கேட்கமாட்டாள், ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, அங்க கட்டிலு, மின்விசிறி, தனித்தனி அலமாரின்னு எல்லாம் இருக்கு. சுவர்ல படம் வேற மாட்டியிருக்காங்க. அதுல இருந்துட்டு லீவுக்கு வந்தா, இது அவ கண்ணுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? போய் வேலையப் பாரு" என்றேன். எனக்கும் அதே பயம்தான். ஒரு கட்டடத்தில் கொஞ்ச நாள் வசதியாக இருந்துவிட்டால், வேலை நடக்கிற இடத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதில் கூச்சப்பட்டு, லீவுக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இவள் உடைந்துபோவாள்.

லீவு வந்தது. கூடப் போக வேண்டாம் என்று எனக்கு நானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். ரசமட்டம் காலையிலிருந்து கையில் இருந்த சிமெண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள், தோல் சிவந்துபோயிருந்தது.

பஸ் வந்து நின்றது. சீருடையும் புதுச் செருப்புமாகக் குட்டி மேஸ்திரி இறங்கியது. ஒரு சுற்று வளர்ந்திருந்தது. பின்னாலேயே பெட்டி இறங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாமா, தொப்பி எங்க?" என்றது. அப்புறம் அம்மாவிடம் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியில் தெரிந்த தூண்களை எல்லாம் எட்டிப் பார்த்தது.

"நம்ம வீடு இப்ப எத்தனாவது மாடிம்மா?"

ரசமட்டம் இரண்டு கையையும் தூக்கி, ஏழு விரலைக் காட்டினாள்.